ரகசியம் மலையேறிப் போச்சு

ஏற்காட்டு மலையில் இருக்கிற கரடியூரில் ஒருவருக்கு நோய் வந்தால் முதலில் தெரிந்துகொள்பவர் டாக்டர் இல்லை, பஸ் கண்டக்டர். அடுத்தது பின் சீட்டுக்காரர். அதற்கடுத்து, ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ ஆற்றுகிறவர். டாக்டர் நாலாவது ஆள். நோயாளிக்குத் தெரிவது சில சமயம் எல்லாருக்கும் கடைசியில். இதைக் கிண்டலுக்காகச் சேர்த்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தத் தமிழ்நாட்டில் நடந்த கதைதான். அதற்கு வருகிறேன்.

மலையில் இருப்பவனுக்குச் சளி, ஜுரம், வெட்டுக்காயம் வரைக்கும் ஏற்காடு போதும். அதற்கு மேல் எதுவானாலும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் கீழே இருந்த வெக்கைக்கும் வியாதிக்கும் பயந்து மேலே ஏறி, காப்பித் தோட்டம் போட்டு, பங்களா கட்டி உண்டாக்கின ஊர் இது. அதே ஊர்க்காரனுக்கு வியாதி வந்தால் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. இறங்குவதற்கு பஸ். பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லித்தானே டிக்கெட் வாங்க வேண்டும்?

“பெரியாஸ்பத்திரி ஒண்ணு குடுங்கண்ணா.”

“யாருக்குக் கண்ணு ஒடம்பு சரியில்ல?”

“எனக்குத்தான். கொஞ்சம் சளி.”

“போன மாசமும் இதே தேதிக்குச் சளின்னுதானே சொன்ன?”

முடிந்தது. பஸ் சேலத்து அஸ்தம்பட்டியைத் தொடுவதற்குள் அந்தச் சளிக்கு முன் சீட்டில் ஒரு பெயரும் பின் சீட்டில் இன்னொரு பெயரும் வைத்தாகிவிடும். கண்டக்டர் கெட்டவர் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். எங்கள் பக்கத்தில் அக்கறைதான் பெரிய தொற்று. அதற்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

அந்த மாதாந்தரச் சளியின் நிஜப் பெயர் எச்.ஐ.வி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் இலவசம். தாம்பரம் அந்த முதல் வரிசையில் இருந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. மாத்திரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டப்பாதான் வம்பு. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மாத்திரைகள், நடந்தால் கிலுகிலு என்று சத்தம். மருந்து வாங்கினவர் முதலில் செய்வது டப்பாவுக்குள் பஞ்சு திணிப்பது. அப்புறம் கட்டைவிரல் நகத்தால் லேபிளைச் சுரண்டுவது. லேபிள் ஒரே இழுப்பில் வராது. பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும். எச்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கக்கூஸில் நின்றுகொண்டு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மருந்தின் பெயரைத் திருடனைப் போல் சுரண்டி எடுப்பதை எந்தச் சாதனை மலரிலும் படம் போட மாட்டார்கள். சிலர் டப்பாவையே அங்கே வீசிவிட்டு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து ஜாக்கெட்டுக்குள்ளோ டிபன் பாக்ஸிலோ வைத்துக்கொண்டு மலையேறுவார்கள். ஈரம் பட்டால் மருந்து கெடும் என்று ஆலோசகர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். ஊர் பேசினால் வாழ்க்கை கெடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனை செய்கிற இடத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை மையம். அழகான பெயர். அந்த அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்று வராந்தா பெஞ்சிலிருந்தே பார்க்க வசதியாகப் போர்டு இருக்கும். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் காப்பார்கள். வெளியே வரிசையில் நிற்கும்போது அது காப்பாற்றப்படாது.

சரி, ரகசியம் என்பதே நம் நாட்டுக்கு ஒத்துவராத சரக்கோ என்றால் அதுவும் இல்லை. ஏராளமாக இருக்கிறது. ரேஷன் மாதிரி கார்டு பார்த்துத்தான் போடுகிறார்கள், அவ்வளவுதான். என்ன, இந்தக் கடையில் மட்டும் பெரிய கார்டுக்குக் கூடுதல் அளவு.

2016 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், உடலில் நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். 75 நாள். ஏழு கோடிப் பேரை ஆள்கிறவருக்கு என்ன நோய் என்று கேட்டவன் வதந்தி பரப்புகிறவன். வழக்குப் பாய்ந்தது, கைதும் நடந்தது. அவர் இட்லி சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மறு ஆண்டு அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரை மேடையில் நின்று, இட்லி சாப்பிட்டார், சட்னி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மையாருக்குத் தன் நோயைத் தனக்குள் வைத்துக்கொள்ள உரிமை இருந்தது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. என் கேள்வி இட்லியைப் பற்றி. ஒருவருடைய ரகசியத்தைக் காக்க ஓர் அமைச்சரவையே பொய் சொல்லத் தயாராக இருந்த அதே மாநிலத்தில், நாலே வருடத்தில், 2020 மார்ச்சில், கொரோனா வந்ததும், சென்னை மாநகராட்சி வீடு வீடாகப் போய்ப் பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது: தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே. நுழையாதீர்கள்கூட இல்லை. அடுத்த கட்டத்தில் வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே இருப்பவன் பால் வாங்குவது எப்படி, தீப்பிடித்தால் ஓடுவது எப்படி என்ற கேள்வியெல்லாம் தகரத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு எழவில்லை.

அந்த மார்ச் மாதத்திலேயே கமல்ஹாசனுடைய ஆழ்வார்பேட்டை வாசலிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். டி.வி.யில் வந்தது. உடனே கிழித்தார்கள். தவறுதலாக ஒட்டப்பட்டது என்று விளக்கமும் கிடைத்தது. ஆக, தவறு என்றால் என்ன, அதை எத்தனை வேகத்தில் திருத்த முடியும் என்பதெல்லாம் மாநகராட்சிக்குத் தெரிந்தேதான் இருந்தது. மற்ற வாசல்களில் ஒட்டியதற்கு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 9 வரை யோசிக்க வேண்டியிருந்தது. சட்டப்படி தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். அதற்குள் ஒட்ட வேண்டியதையெல்லாம் ஒட்டி, கிழிய வேண்டியதெல்லாம் கிழிந்திருந்தது.

இப்போது, நோயாளிக்குக் கடைசியில் தெரிந்த கதை.

2018 நவம்பர் 30. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஓர் இளைஞர், இருபது வயதை ஒட்டியவர், ரத்தம் கொடுத்தார். காசுக்கு இல்லை, உறவுக்காரருக்குத் தேவைப்பட்டதால். அந்த ரத்தம் டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகை என்று சேர்க்கப்பட்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. பிறகு அந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மதுரையில் உடல் பரிசோதனை செய்துகொண்டார். எச்.ஐ.வி. இருப்பதாக முடிவு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு வேலை போச்சு, வெளிநாடு போச்சு. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் முதலில் செய்த காரியம், நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று ரத்த வங்கிக்குச் சொன்னது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக. இந்தக் கதையில் வருகிற எல்லாரிலும் தன் கடமையைச் செய்தவர் அவர் ஒருவர்தான். சம்பளம் வாங்காதவரும் அவர்தான்.

அவர் சொன்னபோது ரத்தம் ஏறி முடிந்திருந்தது. அப்புறம் தோண்டத் தோண்ட வந்தது. 2016-லேயே அவர் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. நோயாளியின் ரகசியத்தை நோயாளிக்கே தெரியாமல் இரண்டு வருடம் கட்டிக்காத்த சுகாதாரத் துறை உலகில் வேறெங்கும் இருக்குமா? அன்றே யாராவது ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தால், ஒரு போன் செய்திருந்தால், அந்தப் பையன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்திருப்பான். அந்தப் பெண் தன் பாட்டுக்குப் பிள்ளை பெற்றிருப்பாள். சொல்ல வேண்டிய ஓர் ஆளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாத அத்தனை பேருக்கும் 2018 டிசம்பர் கடைசி வாரத்தில் தெரிந்துவிட்டது: எந்த ஊர்க்காரர், என்ன வயது, எதற்காக வெளிநாடு போக இருந்தார் என்பதுவரை. கேமராக்கள் கிளம்பிவிட்டன. பையன் விஷம் குடித்தார். டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார்.

எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் 2017-ல் நிறைவேறியது. ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது. வேலை, பள்ளி, வீடு, சிகிச்சை எதையும் மறுக்கக்கூடாது. வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. சாத்தூருக்கு மூன்று மாதம்கூட முன்னால் இல்லை. மை காயவில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணுக்கு 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குழந்தைக்குத் தொற்று இல்லை. ஆய்வக ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். நம்மூரில் எந்தத் தீயும் கடைநிலை ஊழியர் மட்டத்திலேயே அணைந்துவிடும். பையனுக்கு என்ன கிடைத்தது? தலைப்புச் செய்தி.

ரகசியத்தில் இப்படி ஆள் பார்ப்பது திடீரென்று முளைத்த குணம் இல்லை. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற மாணவி, சென்னையில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரிந்தன. நாட்டுக்கு எச்சரிக்கை கிடைத்தது அந்தப் பெண்களின் கைநரம்பிலிருந்து. நாடு எப்படி நன்றி சொன்னது? தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் தாண்டியும் வெளியே விடாமல் அடைத்து வைத்தது. 1990-ல் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர்களிடம் போய் வந்த கனவான்கள் ஒருவரைக்கூட யாரும் அடைத்து வைக்கவில்லை. அவர்களுக்குத்தான் குடும்பம், கௌரவம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தரங்கம் இருந்ததே.

1995-ல் நாகாலாந்து டாக்டர் ஒருவர், தன் உறவினரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். சோதனை முடிவு வெளியே கசிந்து, நிச்சயமான கல்யாணம் நின்று, சொந்த ஊரையே விட்டுப் போனார். வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1998-ல் மருத்துவமனை பக்கம் நின்றதோடு விடாமல், இவருக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றும் எழுதியது. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரிய வேண்டும் என்பது நியாயம்தான். ஒருத்தி காதில் சொல்ல வேண்டியது ஊர்க்காதில் விழுந்ததற்கு என்ன நியாயம்? கல்யாண உரிமை பற்றிச் சொன்னதை 2002-ல் அந்த நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. ஏழு வருடத்து அவமானத்தை விலக்கிக்கொள்ள எந்தப் பெஞ்சும் இல்லை.

தெரியாமல் பயப்படுகிறார்கள், பாவம், படிப்பறிவு வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்கு ஒரு பழைய சேதி. காசநோய்க்காரரை வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, மலைக்காற்றுக்கும் சானடோரியத்துக்கும் அனுப்பினால்தான் மற்றவர் பிழைப்பார்கள் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது தேவையில்லை என்று நிரூபித்த ஊர் எது தெரியுமா? சென்னை. 1956-ல் சேத்துப்பட்டு மையத்தில் ஆரம்பித்த ஆய்வு, 193 ஏழை நோயாளிகள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு. பாதிப் பேர் தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே அறையில் படுத்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-ல் முடிவு வெளியாகி உலகமே வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. அந்தச் சேதி சேத்துப்பட்டிலிருந்து கிளம்பி ஜெனிவா போய்ச் சேர்ந்தது. கரடியூர் பஸ்ஸில் இன்னும் ஏறவில்லை. இன்றைக்கும் காசநோய்க்காரரின் தட்டும் டம்ளரும் திண்ணைக்கு வந்துவிடுகின்றன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால்கூட எச்.ஐ.வி. பரவாது என்று மருத்துவ உலகம் அடித்துச் சொல்கிறது. நாம் டம்ளரைத் தனியாகக் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

படித்தவர் லட்சணம் மட்டும் என்ன? கேஸ் ஷீட்டின் மேல் எல்லாரும் பார்க்கிற மாதிரி சிவப்பு மையில் வட்டம் போடுகிறவர் எட்டாவது பெயிலானவர் இல்லை. ஆபரேஷன் தேதியைத் தள்ளித் தள்ளி, வேறு இடம் பாருங்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்புகிறவருக்குப் பின்னால் சுவரில் நாலு சர்டிபிகேட் தொங்கும். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தார். அவருடைய உடலைப் புதைக்கப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்துத் துரத்தியது காட்டுக்குள் இருக்கும் மலைக்கிராமம் இல்லை. அண்ணா நகர்ப் பக்கம். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்து, ஓட்டுநர் மண்டை உடைந்து, கடைசியில் சக டாக்டர் ஒருவர் நள்ளிரவில் கையில் மண்வெட்டியோடு வேலங்காடு இடுகாட்டில் குழியை மூட வேண்டியிருந்தது. அதே ஜனம்தான் மார்ச் 22 அன்று டாக்டர்களுக்காக மாடியில் நின்று தட்டைத் தட்டியது.

அந்த வருடம் ஏற்காடு ஏற இ-பாஸ் கேட்டார்கள். மறு ஏப்ரலில் சுற்றுலாவையே நிறுத்தினார்கள். மலைக்கு நோய் வந்துவிடக்கூடாதாம். நல்ல எண்ணம்தான். அதே எண்ணம் ஊருக்கு ஊர் இறங்கி, ரோட்டில் முள்ளை வெட்டிப் போட்டது. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து வந்தவன், டெல்லி மத மாநாட்டுக்குப் போய் வந்தவன் என்று மனிதனுக்கு விலாசத்தையே வியாதியாக்கியது. கிருமிக்கு ஜாதி மதம் தெரியாது என்று மேடையில் பேசினார்கள். கிருமிக்குத் தெரியாததை நாம் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

இவ்வளவும் ஆன பிறகு, இல்லாத ரகசியத்தைக் காப்பதாக நடிப்பானேன்? எனக்கு ஒரு யோசனை. கிராமசபை கூடுகிறது அல்லவா, குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று? தெருவிளக்கு, குடிநீர் என்று யாரும் கேட்காத தீர்மானங்களைப் படிப்பதற்குப் பதில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படித்துவிடலாம். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் கட்டி. கண்டக்டருக்கு வேலை மிச்சம், டீக்கடையில் ஊகங்களுக்கு இடமில்லை, டி.வி.க்காரர்களுக்கு அலைச்சல் இல்லை. மே மாதம் கோடை விழா வேறு இருக்கிறது. மலர்க் கண்காட்சியில் ஆயிரக்கணக்கான பூவைச் செருகி என்னென்னவோ உருவம் செய்கிறார்களே. நோயாளிகள் பட்டியலை ஊர்வாரியாகச் சாமந்தியில் செய்து வைத்தால் சுற்றுலாப் பயணிகள் செல்பி எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் வருமானமும் உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை. படிப்பதை மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மைக்கைப் பிடித்து நிற்பவர் முதலில் தன்னுடையதைப் படிக்கட்டும். அடுத்து மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், வரிசைப்படி: யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், வெளியூர் லாட்ஜுக்குப் போய்வந்த பிறகு யார் எந்த ஊசி போட்டுக்கொண்டார், யார் வீட்டு மருமகளுக்கு எந்த மாத்திரை. அப்புறம் எஸ்டேட் பங்களாக்கள். அப்புறம் கான்வென்ட் பிள்ளைகளைப் பார்க்கக் காரில் வருகிற பெற்றோர்கள். கரடியூர்க்காரனுடைய முறை சாயங்காலத்துக்கு மேல் வந்தால் போதும். அவன் காத்திருந்து பழகியவன்.

முதல் பெயரைப் படிப்பதற்குள் மேடையில் யாராவது ஒருவர் எழுந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேதியோடு ஒப்பிப்பார். இரண்டாவது பெயருக்கு மைக் ரிப்பேராகும். பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டலாம்.